பிரஷ் கழுவும் நேரத்துக் கதைகள்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டபுள் கோட்டு' என்றால்தான் தெரியும். முதல் தடவை கேள்விப்படுகிறவர்கள், கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர் யாரோ வரப்போகிறார் என்று நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார்கள். வந்து நிற்பவரோ, பத்து நிறம் காய்ந்துபோன அரைக்கால் சட்டையும் தலையில் பழைய துண்டுமாக ஒரு பெயிண்டர். "வாடகைக்கு விடற வீடுதாம்ப்பா, ஒரு கோட்டு அடிச்சாப் போதும்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "அப்போ வேற ஆளப் பாத்துக்குங்க. ஒரு கன்னத்துக்கு மட்டும் பவுடர் போட்டுக்கிட்டு வெளிய போவீங்களா நீங்க?" என்று எடுத்த பிரஷ்ஷைத் திரும்பப் பையில் போட்டுவிடுவார். மனிதர் வேலையில் அப்படி ஒரு பிடிவாதம்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட, அவரும் அப்படியே கூப்பிடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய பெயர் அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது மட்டும்தான். அப்போதும் ஒரு கணம் யோசிப்பார் என்று அவள் சொல்வாள். அதெல்லாம் சும்மா, யோசிக்கமாட்டார்.

வருஷத்தில் பத்து மாதம் டீச்சர் படிப்பது விடைத்தாள்கள். ஒரே கேள்விக்கு நாற்பது பேர் எழுதிய நாற்பது தப்பு. கோடை லீவு விட்டதும் முதல் வேலையாக லைப்ரரிக்குப் போய் ஆறு நாவல்களைக் கையோடு அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். பெயிண்டருக்கோ கோடைதான் மூச்சு விட நேரமில்லாத காலம். சுவர் சீக்கிரம் காயும், மழைக்குப் பயமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு அப்போதுதான் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தோன்றும். ஆக, அவளுக்கு ஓய்வு, அவருக்கு ஓட்டம். இரண்டு பேரும் சந்திக்கிற இடம் கொல்லைப்புறத்துக் குழாயடி.

சாயங்காலம் வந்ததும் அவர் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிரஷ்களையும் ரோலர்களையும் கழுவுவார். டீச்சர் பின்வாசல் படியில் உட்கார்ந்து அன்றைக்குப் படித்த மட்டும் கதையைச் சொல்வாள். பிரஷ் கழுவப் பத்து நிமிஷம் போதும். கதை சூடு பிடித்த நாட்களில் ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், அவர் பாட்டுக்கு அதே பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருப்பார். "முடி கொட்டிடப் போகுது, விடுங்க" என்பாள் டீச்சர். "நீ சொல்லு, அப்புறம் அந்தக் கடன்காரப் பய என்ன பண்ணான்?" என்பார் அவர்.

நீங்களே படிக்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவர் இல்லை. புத்தகத்தைப் பிரித்தால் மூன்றாவது பக்கத்தில் குறட்டை வரும், அவ்வளவுதான். தூக்கம் வராத சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் வைத்தியமாகச் சொல்வார்.

ஆனால் காதில் விழுகிற கதை அவரைத் தூங்கவிடாது. கல்யாணமான புதிதில் டீச்சர் ஒரு நாய் செத்துப்போகிற கதையைச் சொல்லிவிட்டாள். மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறைக்கு அடிக்கவேண்டிய இளநீலத்தைச் சமையலறைக்கு அடித்துவிட்டு, "ஏங்க, அந்த நாய் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று வீட்டுக்காரரையே கேட்டாராம். அந்த வீட்டுச் சமையலறை இன்றும் நீலம்தான்.

எல்லாக் கதையிலும் அவருக்கு உயிரான கதை 'மூன்றாம் துடுப்பு'. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கோடையில் டீச்சர் சொன்னது. அண்ணனோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு படகோட்டி. ஆற்றில் வெள்ளம் வருகிறது, அண்ணன் அக்கரையில் மாட்டிக்கொள்கிறான். இரண்டு கைக்கு இரண்டு துடுப்பு போதும். ஆனாலும் அண்ணனுக்கென்று மூன்றாவதாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தம்பி படகைத் தள்ளுகிறான். விடியும்போது படகு இக்கரை சேர்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டபடி வருகிறார்கள்.

அந்தச் சமயத்தில் பெயிண்டருக்கும் அவர் அண்ணனுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் சிரிப்பாய்ச் சிரிக்கிற காரணம். அப்பா வீட்டுக்கு அண்ணன் வேறு பெயிண்டரை வைத்து அடித்துவிட்டார். அதுவும் ஒரே கோட்டு! "என்னை விட்டுட்டு அடிச்சதக்கூட மன்னிச்சிடுவேன், ஒரு கோட்டு அடிச்சத மன்னிக்கவே மாட்டேன்" என்று எழுந்து வந்தவர்தான். படகுக் கதை முடிந்த மறுநாள் காலை, கையில் ஒரு பெயிண்ட் டப்பாவோடு முதல் பஸ் ஏறி அப்பா வீட்டுக்குப் போனார். அண்ணன் கதவைத் திறந்தார். இவர் பாட்டுக்கு முன்னறைச் சுவருக்கு இரண்டாவது கோட்டு அடிக்க ஆரம்பித்தார், அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் போன் செய்து அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் இந்தக் கோடையில் மகள் ஒரு வேலை செய்தாள். வெளியூரில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்தவள், அப்பாவின் போனில் ஒலிப்புத்தகச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "இனிமே நீ அம்மா வாயையே பாத்துக்கிட்டு உக்கார வேண்டாம்ப்பா. ஏணி மேலயே கேட்டுக்கலாம்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. காதில் இயர்போன், கையில் ரோலர். முதல் வாரத்திலேயே ஒரு கொலைக் கதை. கொலைகாரன் யார் என்று தெரிகிறவரை ஒரே சுவருக்கு நாலு கோட்டு அடித்துவிட்டார். கூட வேலை செய்கிற 'சொட்டு' கீழே நின்று கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. தரையெல்லாம் பெயிண்ட் சொட்டவிடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவனே இவரைக் கண்டிக்கும் காலம் வந்துவிட்டது.

வீட்டில் டீச்சர் கதையை ஆரம்பித்தால், "அதுவா? அத நேத்தே கேட்டு முடிச்சிட்டேன். மாமியார்தான் நகையை எடுத்தா" என்று போட்டு உடைத்தார். டீச்சர் பாதி படித்த புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள். இரண்டு மூன்று நாள் இப்படியே நடந்தது. பிரஷ் கழுவுவது பத்து நிமிஷத்தில் முடிந்துபோனது.

"காதுல அத மாட்டிக்கிட்டு ஏணியில நிக்காதீங்க. ஆபத்து."

"கீழதான் சொட்டு இருக்கானே."

"காது மந்தமாயிடுமாம்."

"இருபத்திரண்டு வருஷம் நீ பேசியே ஆகல."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ கேட்பது போல, "அதுல பழைய புத்தகமெல்லாம்கூட இருக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் கெடக்கு" என்றார் அவர், மெஷினுக்குப் பொறாமைப்படுகிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே. பொறாமையாம்! இவருக்கு எல்லாம் தெரியும் பாருங்கள்.

அந்த வாரம் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் வீட்டில் வேலை. கூடத்துச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. பிளாஸ்டிக் ஷீட் போட்டு அதை மூடும்போது 'மூன்றாம் துடுப்பு' கண்ணில் பட்டது. பழைய சிநேகிதனைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"சார், இந்தக் கதை எனக்கு மனப்பாடம். கடைசில அண்ணனும் தம்பியும் சேந்து துடுப்பு போட்டுக்கிட்டு வருவாங்களே, அடாடா!"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாருப்பா வருவாங்க? படகு மட்டும்தான் வரும். காலிப் படகு. உள்ள அந்த மூணாவது துடுப்பு கிடக்கும். அதோட கதை முடியுது."

"சார் வேற எதையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க. என் வீட்டுக்காரி டீச்சருங்க. அவ படிச்சிட்டுச் சொன்னது."

"கேள்விப்பட்ட சாட்சி செல்லாதுப்பா. நீயே படிச்சியா?" என்று புத்தகத்தை உருவி நீட்டினார்.

பெயிண்டர் வெள்ளைப் பெயிண்ட் அப்பிய தன் கைகளைக் காட்டினார். "தொட்டா அழுக்காயிடும். இருங்க, என் போன்ல இருக்கு. காதால கேட்டுட்டே வந்து உங்களுக்குச் சொல்றேன்."

இரண்டு நாள் ஓடியது கதை. ஒன்பது மணி நேரம். எல்லாம் டீச்சர் சொன்னபடியே வந்தது; அந்தச் சண்டை, அந்த வெள்ளம், அந்த மூன்றாவது துடுப்பு. "பாத்தீங்களா சார்!" என்று மணிக்கொரு தரம் ஏணியிலிருந்து குரல் கொடுத்தார். வக்கீல் பேப்பரைப் புரட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம், கூடத்துச் சீலிங்குக்கு இரண்டாவது கோட்டு அடிக்கும்போது விடிந்தது. கதையில்தான். படகு கரையில் வந்து தட்டியது. உள்ளே யாரும் இல்லை.

ரோலர் அப்படியே நின்றுவிட்டது. வக்கீல் அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, அழறியா?"

"இல்ல சார், கண்ணுல சுண்ணாம்பு விழுந்திடுச்சு."

"எமல்ஷன் பெயிண்ட்ல ஏதுப்பா சுண்ணாம்பு?"

வசமாக மாட்டிக்கொண்டார். ஆனால் அவர் மூக்கு உடைந்ததைவிட மனசு உடைந்ததுதான் பெரிசு. சாப்பாட்டு வேளையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, டீச்சர் சொன்ன பழைய கதைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் கேட்டார். டீச்சர் கதையில் பார்வை திரும்பக் கிடைத்த தபால்காரருக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. டீச்சர் கதையில் போட்டியில் ஜெயித்த பாட்டுக்காரப் பெண், புத்தகத்தில் மேடையே ஏறவில்லை. இதையெல்லாம் நம்பி ஊரில் இருக்கிற பெயிண்டர்களுக்கெல்லாம் சத்தியம் செய்து சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன்!

சாயங்காலம் குழாயடியில் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டார்: "டீச்சர், அந்தப் படகு திரும்பி வந்துச்சே, அதுல யார் யார் இருந்தாங்க?"

டீச்சர் ஒரு கணம் அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "கேட்டுட்டீங்களா?"

"பதினஞ்சு வருஷமா எனக்குக் காது குத்தியிருக்கியே!"

"சுவத்துல வெடிப்பு இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பட்டி பாப்பேன். ஓட்டையை அடைச்சுத் தேய்ச்சிட்டுத்தான் பெயிண்ட்டே எடுப்பேன்."

"நானும் அதத்தான் பண்ணேன்."

"சுவத்துக்காரர் சொல்லி நான் பட்டி பாக்கறேன். உன்ன யாரு பாக்கச் சொன்னது?"

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "அன்னிக்கு நீங்க உக்காந்திருந்த கோலம் எனக்குத்தான் தெரியும். படகு காலியா வந்துச்சுன்னு நான் சொல்லியிருந்தா, 'பாத்தியா, போனாலும் பிரயோசனம் இல்ல'ன்னு அந்தப் பிரஷ்ஷத் தூக்கி வச்சிட்டுத் தூங்கப் போயிருப்பீங்க. ஏழு வருஷம் பதினேழு வருஷமாயிருக்கும். அதான் ரெண்டு பேரையும் ஏத்தி உக்கார வச்சேன். அதுக்கப்புறம் நீங்க வெயில்ல வெந்து வர்ற மூஞ்சியப் பாத்தா யாரையும் சாகடிக்க எனக்கு மனசு வரல."

பதில் தெரியாதபோது ஆம்பளைகள் வழக்கமாக என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார். "அதெல்லாம் இருக்கட்டும். உண்மையைத் தெரிஞ்சிக்கிட்டுப் போறதா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் டீச்சரைச் சுட்டது. "சரி, என் தப்புதான். இனிமே நான் கதை சொல்லல. உங்களுக்கு ஒரிஜினலே காதுல இருக்கே" என்று எழுந்து போய்விட்டாள்.

சொன்னபடியே செய்தாள் மகராசி. மறுநாள் வாசல்பக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். இவர் குழாயடியில் தனியாக. பத்தே நிமிஷத்தில் பிரஷ் சுத்தமாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. கோபம் இரண்டாம் நாளே போய்விட்டது. அவருக்கு எதுவும் அதற்கு மேல் தாங்காது. ஆனால் போய்ப் பேச வெட்கமாக இருந்தது. காதில் கேட்கலாம் என்று போனை எடுத்தால், அந்தக் குரல் கணீரென்று அழகாகத்தான் படித்தது. நிறுத்தி, "ஏன் அப்படிப் பண்ணான்?" என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. 'முடி கொட்டிடப் போகுது' என்று அதட்டவும் இல்லை. இனி எல்லாக் கோடையும் இப்படித்தானோ என்று நினைத்து இயர்போனைக் கழற்றி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். இடது முழங்கால் முடிந்து வலது முழங்கால் தொடங்குகிற இடத்தில் இவர் குறுக்கே புகுந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் வராம இருந்திருந்தா நீ வந்திருப்பியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அண்ணன் சட்டென்று. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வந்திருக்க மாட்டேன்டா. ஆசைதான். வெக்கமா இருந்துச்சு."

இவர் முழங்கால் வலி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். போனை வைத்ததும் ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். டீச்சர் உள்ளே சமையல் வேலையாக இருந்தாள். நாற்காலியில் புத்தகம் கிடந்தது. பக்க அடையாளத்துக்கு அவள் எப்போதும் வைப்பது நிறங்களின் மாதிரி காட்ட அவர் வைத்திருந்த பழைய ஷேடு கார்டிலிருந்து கிழித்த ஒரு துண்டு. மஞ்சள் வகைகள் அஞ்சு. அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆக, படித்து முடித்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. அவர் தலைப்பை மட்டும் படித்து மனதில் போட்டுக்கொண்டார்.

திங்களும் செவ்வாயும் வக்கீல் வீட்டுக் கூடத்தில் அந்தக் கதை ஓடியது. ரயில் நிலையத்துப் பெரிய கடிகாரத்தைப் பழுது பார்க்கிற ஒரு பெண், கோபித்துக்கொண்டு போன மகள் ஏதாவது ஒரு ரயிலில் இறங்குவாள் என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதினேழு அத்தியாயம் முடிந்தது. பதினெட்டுதான் கடைசி. இந்தச் செயலி யாரையும் கேட்காது, ஒன்று முடிந்தால் அடுத்ததை அதுவே ஆரம்பித்துவிடும். 'அத்தியாயம் பதி...' என்று அது வாயெடுத்ததும், மனுஷன் ரோலரைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இயர்போனைப் பிடுங்கினார். ஏணி ஆடியது. பெயிண்ட் டப்பா கவிழ்ந்து சொட்டுவின் தலையில் கொட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொட்டுவுக்கு இன்னொருவரைத் திட்ட வாய்ப்புக் கிடைத்தது, அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான்.

வக்கீல் ஓடிவந்தார். "என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா கதையில?"

"தெரியாது சார். முடிவ நான் கேக்கல."

"ஏன்?"

"அது வீட்டுல இருக்கு."

வக்கீல் சொட்டுவுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கப் போனார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பிரஷ் கழுவி, திரும்பக் கழுவி, மூன்றாம் தடவையும் கழுவிவிட்டு, பின்வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "டீச்சர், மக வந்தாளா இல்லையா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் படிக்கு வந்து நின்றாள்.

"எந்த மக?"

"கடிகாரக்காரி மக. பதினேழு வரைக்கும் கேட்டுட்டேன். கடைசி ஒண்ணு பாக்கி."

"அதையும் கேக்கறதுதானே? கால் மணி நேரம்தான் இருக்கும்."

"நீ சொல்லு."

டீச்சர் அவருடைய கையைப் பார்த்தாள். பிரஷ் பளபளவென்று இருந்தது. அவள் மெல்லப் படியில் உட்கார்ந்தாள். "எத சொல்ல? எழுதினவர் எழுதினதையா, நான் பட்டி பாத்ததையா?"

"ரெண்டையும் சொல்லு. நான் என்னிக்கு ஒரு கோட்டோட விட்டிருக்கேன்?"

டீச்சர் சிரித்துவிட்டாள். அஞ்சாறு நாளாக வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு வந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள், ஒன்றையும் மறைக்காமல், எழுதியவர் எழுதியபடியே. கடைசி ரயில் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மகள் இறங்கவில்லை. அந்தப் பெண் ஏணியில் ஏறி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை சுண்ணாம்பு என்று சொல்லவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இப்ப உன்னோடதச் சொல்லு" என்றார்.

"நாளைக்கு."

"ஏன், இன்னிக்கே சொன்னா என்ன?"

"முதல் கோட்டு காயட்டும்" என்றாள் டீச்சர்.